தினமும் இரண்டு முறை பெருக்குகிறேன், ஆனாலும் விடிந்தால் மகனுக்குத் தும்மல்: மழை ஊரில் வீட்டை எப்படிச் சுத்தம் செய்வது?

மதுரைப்பெண், ஜூலை 6

வணக்கம். கணவருக்கு மாற்றல் வந்ததால் கடந்த மே மாதம் மதுரையிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறைக்குக் குடிவந்தோம். ஆற்றுக்கு அருகில் பழைய ஓட்டு வீடு. ஓட்டுக்குக் கீழே பலகை மச்சு, பின்புறம் பெரிய பலா மரம், நாள் முழுவதும் நிழல். மதுரை வெயிலில் வெந்தவர்களுக்கு முதல் சில வாரங்கள் சொர்க்கமாக இருந்தன. ஜூன் முதல் வாரத்தில் மழை பிடித்தது. என் மகனுக்கும் அதோடு பிடித்துக்கொண்டது.

அவனுக்கு எட்டு வயது. காலை ஐந்தரை மணிக்குத் தும்மல் தொடங்கும். ஒரு நாள் எண்ணினேன்: விடாமல் 22 தும்மல். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிட்டது. கண் சிவந்து அரிக்கிறது. போன வாரம் இரண்டு இரவு நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. பள்ளிக்குப் போய்ப் பத்து மணி ஆனால் தெளிந்துவிடுகிறான் என்று ஆசிரியை சொல்கிறார். வீட்டுக்கு வந்து படுத்தால் மறுபடி அதே கதை.

மருத்துவரிடம் காட்டினோம். ஒவ்வாமைச் சோதனையாகத் தோலில் சொட்டு வைத்துப் பார்த்ததில் வீட்டுத் தூசி உண்ணி, கரப்பான், பூஞ்சை மூன்றுக்கும் தடித்தது. இன்ஹேலரும் மூக்குக்கு ஸ்பிரேயும் கொடுத்திருக்கிறார். புறப்படும்போது, "வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றார். அந்தச் சொல் என்னைக் குத்திவிட்டது. நான் தினமும் இரண்டு வேளை பெருக்குகிறேன். வாளி நிறையத் தண்ணீர் எடுத்துப் பினாயில் ஊற்றித் துடைக்கிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுகிறோம். இதற்கு மேல் என்ன சுத்தம்?

மழையால் துணியெல்லாம் கூடத்தில் கொடி கட்டித்தான் காய்கிறது. மகன் படுப்பது என் திருமணத்துக்கு அம்மா தைத்துக் கொடுத்த இலவம் பஞ்சு மெத்தையில். பீரோவுக்குப் பின்னால் சுவரில் கரும்புள்ளிகள் வந்திருப்பதை நேற்றுத்தான் பார்த்தேன். கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதா, வாக்குவம் கிளீனர் வாங்குவதா? இந்தப் பக்கத்து மழையில் பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அடையாற்றுக்கரை, ஜூலை 6

சகோதரி, அவசரப்பட்டுக் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்க வேண்டாம். சென்ற ஆண்டு நாங்கள் வாங்கினோம். சமையல் புகைக்கும் சாலைத் தூசிக்கும் நன்றாக இருக்கிறது, மகளின் காலைத் தும்மல் மட்டும் குறையவில்லை. தும்மலைக் கிளப்புவது தூசி உண்ணியின் எச்சம், அதாவது அதன் கழிவு. அது கனமானது. மெத்தையை உதறினால் எழும்பும், கொஞ்ச நேரத்தில் மறுபடி கீழே படிந்துவிடும். காற்றில் மிதந்துகொண்டிருந்தால்தானே இயந்திரம் அதை இழுக்கும்? பிள்ளையின் முகம் புதைந்திருக்கும் தலையணையில் இருப்பதை அறையின் மூலையில் நிற்கும் பெட்டி என்ன செய்ய முடியும்? படுக்கையிலிருந்து தொடங்குங்கள்.

குலசேகரம்_அம்மா, ஜூலை 7

மக்களே, எங்கள் பக்கத்தில் மூத்தவர்கள் இளையவர்களை இப்படித்தான் அழைப்போம். ஒருவரே ஆனாலும் 'மக்களே'தான். நீ மதுரைக்காரி என்பதால் சொல்லிவிடுகிறேன்.

உன் வீடு அழுக்கு என்று யாரும் சொல்லவில்லை. முதலில் அந்த வருத்தத்தை இறக்கி வை. என் மகளுக்கு ஆறு வயதில் மூச்சு இளைப்பு வந்தபோது நானும் இதே சொல்லைக் கேட்டு ஒரு வாரம் அழுதிருக்கிறேன். அழுதுகொண்டே இன்னும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். அதுதான் தவறு என்று புரிய எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. உனக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம் என்றுதான் நீளமாக எழுதுகிறேன்.

தூசி உண்ணி கண்ணுக்குத் தெரியாத, எட்டுக் கால்கள் கொண்ட சிற்றுயிர். அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துணுக்குதான் அதற்கு உணவு. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 70, 80 சதவீதம் என்றால் பெருகிக்கொண்டே போகும். 50க்குக் கீழே வாரக்கணக்கில் நின்றால் உலர்ந்து செத்துவிடும். 1960களில் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா என்ற ஆய்வாளர்கள் வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இந்த உண்ணிதான் காரணம் என்று காட்டினார்கள். ஓதம் ஏறிய வீடுகளில்தான் அது கூடுதலாக இருப்பதையும் அப்போதே கண்டார்கள். மதுரையில் உன் வீட்டில் தூசி இதைவிட அதிகமாகக்கூட இருந்திருக்கும். அங்கே ஈரம் இல்லை, அவ்வளவுதான். இங்கே நீ துரத்த வேண்டியது ஈரத்தை.

பத்தாயிரத்தை எடுத்து வை. முதலில் சில நூறு ரூபாய்க்கு ஓர் ஈரப்பதமானி வாங்கு. நான் வாங்கியது தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. முதல் நாள் விடிகாலையில் கூடத்தில் 81 காட்டியது, மகள் படுக்கும் அறையில் 88. ஒரே கூரைக்குக் கீழே இந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். குளியலறைக் கதவு அந்த அறைக்குள்தான் திறந்தது. உள்ளே இரவெல்லாம் மூடாத வாளி நிறையத் தண்ணீர், கதவின் மேல் நான்கு ஈரத் துண்டுகள். வாளியைக் கவிழ்த்து, துண்டுகளை வெளித் திண்ணைக்கு மாற்றி, கதவைச் சாத்தினேன். நான்காம் நாள் 82.

அடுத்தது துணி. நீ எழுதியதில் என்னை அதிகம் உறுத்தியது அந்தக் கூடத்துக் கொடிதான். நானும் அப்படித்தான் கட்டியிருந்தேன். ஒரு நாள் பிழிந்த துணியை அப்படியே ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். காய்ந்த பிறகு மறுபடி வைத்தேன். இரண்டரை கிலோ குறைந்திருந்தது. இரண்டரை லிட்டர் தண்ணீரை நாள்தோறும் என் கையாலேயே வீட்டுக் காற்றில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஷீட்டில் பூசணம் பிடித்தால் விலை போகாது என்று புகைக்கூடத்தில் கண்விழித்து உலர்த்துகிறவர்கள் நாங்கள். பிள்ளை படுக்கும் அறையை இந்தக் கோலத்தில் வைத்திருந்தோமே என்று அன்று மனம் ஆறவே இல்லை. இப்போது பின் திண்ணையில் சார்ப்பு இறக்கி அங்கே கொடி கட்டியிருக்கிறோம். திண்ணை இல்லையென்றால் யாரும் படுக்காத ஒரு அறையில் ஜன்னலைத் திறந்து, கதவைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டுக் காயவிடு.

இனி மெத்தை. அம்மா தைத்துக் கொடுத்தது என்று எழுதியிருக்கிறாய், எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டு மெத்தையும் என் மாமியார் கொடுத்ததுதான். மழை வெறித்த ஒரு நாள் அதைப் புரட்டினேன். மேலே வெள்ளை விரிப்பு பளிச்சென்று இருந்தது. அடியில் கட்டில் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்தில் சாம்பல் நிறத்தில் காசு காசாகப் பூசணம். முகத்தருகே கொண்டுபோனேன். நனைந்து மூலையில் கிடந்த கோணிச் சாக்கின் வாடை. ஒரு மூலையின் தையலைப் பிரித்தேன். பஞ்சு பஞ்சாக இல்லை, கட்டி கட்டியாக இருந்தது. எட்டு மணி நேரம் குழந்தை மூக்கை வைத்து உறங்கிய இடம் அது. அன்றே வெளியே போட்டேன். உன் மெத்தை அந்த நிலைக்குப் போகாமல் இருந்தால் வெயில் காலத்தில் உலர்த்தி உன் அறையில் வைத்துக்கொள், மகனுக்கு வேண்டாம்.

என் மகளுக்குக் கட்டிலின் முழுப் பலகையை எடுத்துவிட்டு, இரண்டு விரல் இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்தோம். அதன் மேல் கோரைப்பாய், பாயின் மேல் மடித்த இரண்டு பருத்தி விரிப்புகள். எல்லாமே துவைக்கவோ துடைக்கவோ முடிகிறவை. தரையில் பாய் விரித்துப் படுக்க வைக்காதே, பழைய வீட்டுத் தரை ஈரத்தை மேலே இழுக்கும். மெத்தைதான் வேண்டும் என்றால் நெருக்கமான நெசவில் ஜிப் வைத்த உறை கிடைக்கிறது. மெத்தைக்கும் தலையணைக்கும் ஆறு பக்கமும் மூடும் உறையாக வாங்கு. உன் பணத்தில் அதற்குத்தான் முதல் பங்கு.

விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் அலசினால் எச்சம் பெரும்பாலும் போய்விடும், உண்ணி சாகாது. அதற்கு 60 டிகிரி சூடு வேண்டும். கொதிக்கும் தண்ணீர் இரண்டு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்து துணியை அமுக்கி, மூடி போட்டு அரை மணி வைப்பேன். பிள்ளைகள் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள். காய்ந்த பின் நல்ல சூட்டில் இஸ்திரி போட்டால், மழைக்காலத்தில் ஓரத்தில் ஒளிந்திருக்கும் கடைசி ஈரமும் போய்விடும்.

பெருக்குவதைப் பற்றி. உலர்ந்த துடைப்பம் தூசியை எழுப்பி அவன் முகத்துக்குக் கொண்டுபோகிறது. அவன் பள்ளிக்குப் போன பிறகு செய். துணியை நனைத்து, சொட்டு விழாத அளவுக்கு முறுக்கிப் பிழிந்து துடை, உடனே மின்விசிறியைப் போட்டுத் தரையை உலர்த்து. வாளி நிறையத் தண்ணீர் வேண்டாம். ஒட்டடைக் கம்பின் நுனியிலும் ஈரத்துணியைச் சுற்றிக்கொள். மின்விசிறி இறக்கையைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும்.

பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடு. அந்தக் கரும்புள்ளியைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் துடைத்து உலரவிடலாம். ஆனால் சுவர் ஏன் நனைகிறது என்று பார்க்காமல் தேய்த்தால் பத்து நாளில் திரும்ப வரும். வண்ணம் அடித்து மறைப்பது இன்னும் மோசம், வண்ணத்தோடு உரிந்து விழும். பலா மரம் என்கிறாய். கூரைத் தாவாரத்துத் தகரத்தில் இலை அடைத்து, மழைநீர் சுவரில் வழிகிறதா என்று ஏணி போட்டுப் பார்க்கச் சொல். ஓடு ஒன்று நகர்ந்திருந்தாலும் போதும். வீட்டுக்காரரிடம் கேட்டு நான்கு கிளை கழித்தால் மதிய வெயில் ஓட்டில் விழும். மழை இல்லாத நாளில் பதினொன்று முதல் மூன்று வரை எல்லா ஜன்னலையும் திறந்து வை, அந்த நேரத்தில்தான் வெளிக்காற்று உலர்ந்திருக்கும். அந்தி சாய்வதற்குள் சாத்திவிடு.

சாம்பிராணி ஒவ்வாமைப் பொருள் இல்லைதான். ஆனால் வீங்கியிருக்கும் மூச்சுக்குழாய்க்கு எந்தப் புகையும் ஆகாது, கொசுவத்தியும் சேர்த்துத்தான். என் மாமியாரிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். மருத்துவர் சொன்னதைச் சொன்னதும் அவரே எழுந்துபோய்த் தூபக்காலைத் துளசி மாடத்தடிக்கு மாற்றினார். பேத்தி மேல் அவருக்கு இல்லாத அக்கறையா?

ஈசூன்_வாசி, ஜூலை 7

குலசேகரம் அம்மா சொன்னது சிங்கப்பூருக்கும் அப்படியே பொருந்தும். இங்கே ஆண்டு முழுவதும் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பிலோமியா டிராபிகாலிஸ் என்ற வெப்பநாட்டு உண்ணி எங்கள் வீட்டுத் தூசியில் சர்வசாதாரணம்.

நாங்கள் படுக்கையறையில் ஏசியை ஈரத்தை இழுக்கும் 'டிரை' நிலையில் போடுகிறோம். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும், தவறினால் அதுவே பூஞ்சைக்கு வீடாகும். ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் வைத்திருக்கிறோம். ஆனால் அக்கா, உங்கள் ஓட்டு வீட்டில் பலகை இடுக்கு வழியாகக் காற்று புகுந்துகொண்டே இருக்கும். இயந்திரம் ஓயாமல் ஓடும், மின்கட்டணம் ஏறும், பலன் குறைவாகவே இருக்கும். அதற்குப் பணம் போடாதீர்கள்.

மகன் பஞ்சுப் பொம்மையைக் கட்டிக்கொண்டு உறங்குகிறவனா? என் மகளிடம் ஒரு முயல் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை நெகிழிப் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் முழுவதும் வைப்போம். உண்ணி செத்துவிடும், பிறகு துவைத்தால் எச்சமும் போகும். துவைக்காமல் விட்டால் பாதி வேலைதான். முயல் குளிர்நாட்டுக்குப் போயிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

வெண்சீருடை, ஜூலை 8

மார்பு நோய்ப் பிரிவில் 27 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். சில வார்த்தைகள்.

கரப்பானை யாரும் தொடவில்லை. அதன் எச்சமும் உதிர்ந்த ஓடும் பொடியாகி மூச்சில் கலக்கின்றன. மருந்து தெளிப்பான் அடிக்காதீர்கள் அம்மா, அந்த நெடியே பிள்ளைக்கு இளைப்பைக் கிளப்பும். ஜெல் வடிவில் வரும் மருந்தைச் சிலிண்டருக்குப் பின்னால், தொட்டிக்கு அடியில், கதவுக் கீல்களில் மிளகளவு வையுங்கள். அதே இடத்தில் தெளிப்பானும் அடித்தால் கரப்பான் ஜெல்லை அண்டாது. இரவில் எச்சில் பாத்திரம் தொட்டியில் கிடக்கக் கூடாது. குடிவந்தபோது கொண்டுவந்த அட்டைப் பெட்டிகள் பரணில் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றை இன்றே வெளியேற்றுங்கள்.

பூஞ்சைக்குப் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லி யாராவது சொல்லலாம். கழிவறை கழுவும் ஆசிட்டோடு அது கலந்தால் குளோரின் வாயு வரும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் ஊற்றிவிட்டு மூச்சுத் திணறி வந்த பெண்களை நான் தூக்கிப் பிடித்திருக்கிறேன். சோப்பும் தேய்க்கும் பிரஷும் போதும். தேய்க்கும்போது முகக்கவசம் அணியுங்கள்.

ஒன்றை மட்டும் செய்துவிட்டுப் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள். உண்ணிக்கு எதிரான நடவடிக்கைகளைப் பற்றிய 54 ஆய்வுகளை 2008இல் தொகுத்துப் பார்த்தபோது, ஆஸ்துமாவுக்குக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. அவற்றில் பல, உறை மட்டும் அல்லது மருந்து மட்டும் என்று ஒரே வழியைச் சோதித்தவை. 2004இல் வெளியான இன்னோர் ஆய்வில் அமெரிக்காவின் 7 நகரங்களில் 937 குழந்தைகளின் வீடுகளில் படுக்கை உறை, கரப்பான் கட்டுப்பாடு, புகை தவிர்ப்பு என்று அந்தந்தக் குழந்தைக்கு ஒவ்வாததை எல்லாம் சேர்த்துச் செய்தார்கள். இளைப்பு நாட்கள் குறைந்தன, மறு ஆண்டிலும் அந்தப் பலன் நீடித்தது. உங்கள் மகனுக்கு மூன்று பொருள்கள் ஒவ்வாதவை, மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வீடு சரியாகிறது என்று இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தினசரி இன்ஹேலர் எடுத்த பின் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கிடையே குழி விழுந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ வீட்டில் ஒரு நிமிடமும் வைத்திருக்க வேண்டாம்.

மதுரைப்பெண், ஆகஸ்ட் 29

அனைவருக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன்.

குலசேகரம் அம்மா, நீங்கள் சொன்னபடி ஏணி போட்டுப் பார்த்தோம். தாவாரத் தகரம் முழுக்கப் பலா இலை. கீழடுக்கு மண்ணாகவே மாறி, அதில் ஒரு அரசங்கன்று ஒரு சாண் வளர்ந்திருந்தது. அதற்கு நேர் கீழேதான் பீரோ. சுத்தம் செய்த பின் இரண்டு பெருமழை பெய்தும் சுவர் நனையவில்லை. வீட்டுக்காரர் கிளையும் கழித்துக் கொடுத்தார்.

ஈரப்பதமானி முதல் நாள் 86 காட்டியது. கொடியைத் திண்ணைக்கு மாற்றி, ஜன்னல் நேரத்தைப் பிடித்த பிறகு பிற்பகலில் 66, 68 வரை இறங்குகிறது. விடிகாலையில் 74க்குக் கீழே வரவில்லை. அம்மாவின் மெத்தையைப் பிரித்தேன். நீங்கள் சொன்ன அதே வாடை. கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு உறைத் துணியை மட்டும் கொதிநீரில் துவைத்து எடுத்து வைத்துக்கொண்டேன். மகன் இப்போது கோரைப்பாயில் படுக்கிறான். தலையணை உறைக்கும் கட்டில் சட்டத்துக்கும் ஜெல்லுக்கும் சேர்த்து மூவாயிரத்துக்குள்தான் ஆனது.

முதல் மூன்று வாரம் தும்மலில் எந்த மாற்றமும் இல்லை, மனம் உடைந்துவிட்டேன். நான்காம் வாரத்திலிருந்து தும்மல் குறைந்தது. நேற்றுக் காலை நான்கு. நெஞ்சுச் சத்தம் ஜூலை 19க்குப் பிறகு கேட்கவில்லை. மருத்துவர் மருந்தைத் தொடரச் சொல்லியிருக்கிறார், தொடர்கிறோம்.

இன்னொரு கேள்வி. காலாண்டு விடுமுறைக்கு மதுரையில் அம்மா வீட்டுக்குப் போகிறோம். அங்கே நான்கு மாதமாக யாரும் படுக்காத அறையில் தங்க வேண்டும். என்ன செய்யட்டும்?

குலசேகரம்_அம்மா, ஆகஸ்ட் 29

மக்களே, நான்கு தும்மல் என்று படித்ததும் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு இப்போது இருபத்து மூன்று வயது.

அந்த 74ஐ நினைத்துக் கவலைப்படாதே, இந்த மழையில் எனக்கும் அதுதான் வருகிறது. மூன்று வாரம் மாற்றம் தெரியாததும் இயல்புதான். உண்ணி செத்தாலும் அதன் எச்சம் வீட்டில் பல நாள் இருக்கும், துவைக்கத் துவைக்கத்தான் குறையும்.

மதுரைக்குப் போகும்போது அவன் தலையணையை உறையோடு எடுத்துப் போ. இரண்டு விரிப்பும் ஒரு போர்வையும் துவைத்து இஸ்திரி போட்டுப் பைக்குள் வை. நீங்கள் போவதற்கு இரண்டு நாள் முன்பே அம்மாவை அந்த அறையைத் திறந்து ஈரத்துணியால் துடைத்து, மெத்தையை மொட்டை மாடி வெயிலில் போடச் சொல். மதுரை வெயிலை அதற்காவது பயன்படுத்திக்கொள். இன்ஹேலரைக் கைப்பையில் வை, பெட்டியில் வேண்டாம்.